தொடாத வண்டிகள் வரிசை

இடுப்பு எலும்பை மாற்றிப்போட்டு, அதற்குமேல் நடை பழக்குகிற இடம் என்று ஒன்றில் கொண்டுபோய்க் கிடத்தி, ஒருவழியாக ஆகஸ்ட் கடைசியில் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர்கள் சொல்வதில் பாதியை நான் நம்புவதில்லை. ஒரு மாதத்தில் ஓடலாம் என்று சொன்னார்களே, அது அந்தப் பாதியில் சேர்ந்தது.

மகள் ஜனெல் வந்து கூட்டிப்போனாள். வழி முழுக்க உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டே ஓட்டினாள். வீட்டு வாசலில் நிறுத்தாமல், பின்பக்கம் ஷெட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“அப்பா, நான் சொல்ற வரைக்கும் கண்ணத் தொறக்கக் கூடாது.”

“எனக்கென்ன ஆறு வயசா?”

“மூடுப்பா. பொறந்ததுல இருந்து ஒரு தடவையாவது சொன்ன பேச்சக் கேளு.”

மூடினேன். ஷெட் கதவு மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கதவை என்னைத் தவிர யாரும் திறந்ததில்லை.

“இப்பத் தொற.”

என் கார் நின்றது. மழையில் நனைந்த தவளை மாதிரி பச்சையாகப் பளபளத்துக்கொண்டு நின்றது. மட்கார்டில் ஜனெலின் முகம் தெரிந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை ராட்னி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். நகக்கண்ணில் பச்சை இன்னும் போகவில்லை.

“தாறுமாறா வெடிச்சுக் கெடந்துச்சு மாமா” என்றான். “கீழ துரு வேற. மொத்தத்தையும் உப்புத்தாள் போட்டு இரும்பு வரைக்கும் எடுத்துட்டேன். பட்டி பாத்து, பிரைமர் ரெண்டு கோட்டு, மேல நாலு கோட்டு. அதே பச்சைதான். ஸீட்டுக்கு அடியில வெயில் படாத எடத்துல கொஞ்சம் இருந்துச்சு, அத வச்சு கலர் சேத்தேன்.”

கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவன் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. விபத்தில் நசுங்கிய கார்களை நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் அவனுக்கு வேலை. பகலெல்லாம் அங்கே அடித்துவிட்டு, சாயங்காலம் வந்து மூன்று வாரம் இதை அடித்திருக்கிறான்.

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். 

“நல்லா இருக்கு மாப்பிள்ளை” என்றேன்.

ஜனெல் அழுதுவிட்டாள். சந்தோஷத்தில். நான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, களைப்பாக இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டேன். களைப்பு பொய் இல்லை.

என்ன நடந்தது என்று புரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கிளப்பில் பழைய வண்டிகள் இரண்டு வகை. ஒன்று, பிரித்து மேய்ந்து, புதுசாக்கி, பெயின்ட் அடித்து, பித்தளையைத் தேய்த்து நிறுத்துகிற வண்டி. காசும் பொறுமையும் இருந்தால் எவனும் செய்யலாம். என் சிநேகிதன் கிளைட்டின் சிவப்பு வண்டி அப்படித்தான். அதை நான் கல்யாணப்பெண் என்றுதான் கூப்பிடுவேன், அவன் காதுபடவே. இன்னொன்று, தொடாத வண்டி. கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாளில் அடித்த பெயின்ட், அன்றைக்குத் தைத்த தோல், அன்றைக்கு முறுக்கிய திருகு. டயர் மாற்றலாம், எண்ணெய் மாற்றலாம், அவ்வளவுதான். செப்டம்பரில் எங்கள் மாவட்டத் திடலில் கண்காட்சி நடக்கும்போது, இந்த வண்டிகளுக்கு மேப்பிள் மரங்களின் கீழே தனி வரிசை. வருஷா வருஷம் அந்த வரிசை குட்டையாகிக்கொண்டே வருகிறது. அதில் மூத்தது என்னுடையது. 1916. செய்த கம்பெனி என் அப்பா பிறக்கும் முன்பே கடையை மூடிவிட்டது.

அந்தப் பெயின்ட் பார்க்க அழகாக இருக்கவில்லை. தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி வெடித்து, பச்சை கருப்பாகி, சில இடத்தில் செதில் விட்டிருந்தது. ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் பிரஷ்ஷை வைத்துக் கையால் அடித்தது அது. அப்போது எப்படி அடித்தார்கள் என்று தெரிந்துகொள்ள மிச்சிகனிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு என் கதவின் முன்னால் மண்டிபோட்டிருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என் முன்னால் வேறு எதற்கு எவன் மண்டிபோடப் போகிறான்? பெயின்ட்டைத் திரும்ப அடிக்கலாம். வெடிப்பைத் திரும்ப அடிக்க முடியாது. அந்த வரிசையை விட்டு வெளியே வந்த வண்டி திரும்ப உள்ளே போகாது.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் என்று எங்கள் ஊரில் எவனும் சொல்லமாட்டான். ஆனால் மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் குளியலறைச் சுவரில் கைப்பிடி பதித்திருந்தது. வாசலில் படிக்குப் பதிலாகச் சாய்தளம் போட்டிருந்தது. எல்லாம் ராட்னி செய்தது. என் கட்டிலையும் அவன்தான் மாடியிலிருந்து கீழே இறக்கிப் போட்டிருந்தான். என்னால் குனிய முடியாது. தினம் வேலைக்குப் போகும் முன் வந்து, தரையில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் வைத்துக் காலுறை மாட்டிவிடுவான். காலுறை மாட்டிவிடுகிறவனைப் பார்த்து, என் காரைக் கொன்றுவிட்டாய் என்று எப்படிச் சொல்வது? 

“கண்காட்சிக்குப் போறோம்ல மாமா?” என்று ஒரு நாள் காலுறையை இழுத்துக்கொண்டே கேட்டான்.

“இந்த இடுப்ப வச்சுக்கிட்டு எங்க போறது மாப்பிள்ளை. அடுத்த வருஷம் பாப்போம்.”

அவன் அடுத்த காலுறையை எடுத்தான். ஜனெல்தான் சமையலறையிலிருந்து கத்தினாள்.

“அதெல்லாம் முடியாதுப்பா. அவரு லீவு சொல்லியாச்சு. புதுத் தொப்பி வாங்கியாச்சு. உங்க ஆளுங்க பாத்து என்ன சொல்றாங்கன்னு கேக்கணும்னு ஒரு மாசமாக் காத்துக்கிட்டிருக்காரு.”

அன்று மத்தியானம் கிளைட் போன் செய்தான். 

“என்னடா எல்டன், இந்த வருஷம் வர்றியா, இல்ல நொண்டிக்கிட்டு வீட்லயே கெடக்கப் போறியா?”

“வரேன்.”

“உன் குப்பையத் தூசி தட்டாமத்தான கொண்டாரப் போற? போன தடவ மெத்தையில எலி குட்டி போட்டிருந்துச்சாமே.”

“அது ஒன்ன மாதிரி எலி. கல்யாணப்பொண்ண விட்டு எறங்கி வந்துச்சு.”

அவன் சிரித்தான். அப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் கிளைட்டிடம் ஒன்றைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் மூன்று மாவட்டத்துக்குத் தெரியும். போனை வைத்துவிட்டேன். அந்த வரிசையைப் பார்த்துக்கொள்கிற வில்மாவுக்குப் போன் செய்து பெயரை எடுத்துவிடச் சொல்லலாம் என்று எண்களை அழுத்தினேன். அவள் எடுத்ததும், “எல்டன்! உங்க மரத்தடிய யாருக்கும் குடுக்கல, வாங்க” என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு எல்லாமே பெரிய வேலையாகத் தெரிந்தது. பேசுவதுகூட.

கண்காட்சி அன்று காலை ராட்னி மரப்பெட்டி ஒன்றைக் காருக்குப் பக்கத்தில் போட்டு என்னை ஏற்றிவிட்டான். கார் உயரம் அப்படி. ஓட்ட அவனுக்குத் தெரியாது. அதில் பெடல்கள் வேறு மாதிரி. ஆனால் முன்னால் இருக்கிற ஹேண்டிலைச் சுற்றித்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும், அது இனி என்னால் முடியாது.

“கட்டைவிரல மடக்கிப் பிடிக்காதீங்க மாப்பிள்ளை. மத்த விரலோட சேத்து வைங்க. திருப்பி அடிச்சுதுன்னா விரல் தனியாப் போயிடும். கீழயிருந்து மேல இழுங்க. அமுக்காதீங்க.”

அவன் விரலைச் சேர்த்து வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். “இப்படியா மாமா?”

“அப்படித்தான்.”

இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அவன் சிரித்தபடி ஓடிவந்து பக்கத்தில் ஏறிக்கொண்டான். ஜனெல் தன் வண்டியில் பின்னால் வந்தாள். சோளக்கொல்லைகளுக்கு நடுவே போனோம். சோளம் காய்ந்து அறுப்புக்கு நின்றது. ஒவ்வொரு தடவை பெடலை மிதிக்கும்போதும் இடுப்பில் யாரோ ஆணி அடித்தார்கள். ராட்னி கையை வெளியே தொங்கவிட்டுக் கதவை வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே வந்தான். எதிரே வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ராட்னி அவனுக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டினான்.

திடலுக்குள் நுழைந்தபோதே தெரிந்துவிட்டது. வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மேப்பிள் மரத்தடியில் என் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தூசி படிந்த, வெளுத்த, பூசணம் பூத்த வண்டிகள். நடுவில் என்னுடையது. 

ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கிழவர்கள் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். காரை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். பிறகு என் கையைப் பிடித்தார்கள்.

“ஆஸ்பத்திரில இருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன் எல்டன்” என்றான் ஒருவன்.

“நான்தான் பண்ணேன்” என்று ராட்னி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். “இவரு மாப்பிள்ளை.”

“அப்படியா” என்றான் அந்த ஆள். “நெறைய… நெறைய வேலை எடுத்திருக்குமே.”

“மூணு வாரம் சார்.”

“மூணு வாரம்” என்று அவன் திருப்பிச் சொன்னான். மரத்தைப் பார்த்தபடி போய்விட்டான்.

ராட்னி என் பக்கம் குனிந்து, “பேச்சே வரல பாருங்க மாமா” என்றான்.

கிளைட் வந்தான். நான் தயாராகத்தான் இருந்தேன். எத்தனை வருஷமாக அவன் வண்டியைக் கல்யாணப்பெண் என்று சொல்லியிருக்கிறேன், அத்தனையையும் இன்றைக்குத் திருப்பிக் கொடுப்பான் என்று நினைத்தேன். அவன் மட்கார்டைத் தொட வந்த கையைத் தொடாமலே எடுத்துக்கொண்டான். என் தோளைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினான். “காபி வாங்கியாரவாடா?” என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் எழுந்து நின்றிருப்பேன். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வில்மா வந்தாள். கழுத்தில் மாட்டுகிற அட்டைகளைக் கையில் வைத்திருந்தாள். காரைப் பார்த்ததும் அட்டைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“எல்டன்” என்றாள். “இந்த வரிசையில…”

“தெரியும். எடத்த மாத்திக்கிறோம்.”

“நான் வேணா பேசிப் பாக்கவா? ஒரு வருஷம், மரியாதைக்கு…”

“வேண்டாம் வில்மா. நீங்க பேசி எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.”

ராட்னி இடையில் வந்தான். “என்ன மாமா? ஏன் மாத்தணும்?”

“அங்கதான் பெயின்ட் அடிச்ச வண்டியெல்லாம் நிக்கும்” என்றேன். “நல்ல வெளிச்சம். பெயின்ட் தெரியும்.”

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. ஹேண்டிலைச் சுற்றினான். விரலைச் சேர்த்து வைத்தபடி. வெயிலில் இருந்த நீண்ட வரிசையில், கிளைட்டின் சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றோம். மரத்தடியில் எங்கள் டயர் அழுத்திய புல் மட்டும் இருந்தது. அதற்குள் பக்கத்து வண்டிக்காரன் தன் நாற்காலியை நகர்த்தி அங்கே நிழலில் போட்டுக்கொண்டான்.

பதினொரு மணி வாக்கில் நடுவர்கள் வந்தார்கள். மூன்று பேர். வெள்ளைக் கையுறை, டார்ச். புதுசாக்கிய வண்டி என்றால் அவர்கள் ஈவு இரக்கம் பார்க்கமாட்டார்கள், அது அவர்கள் வேலை. ஒருவன் தரையில் படுத்து அடிப்பக்கம் பார்த்தான். ஒருவன் கதவில் கையுறையை ஓட்டினான். 

“பளபளப்பு அதிகம்” என்றான். “அந்தக் காலத்துல இப்படி வந்திருக்காது. ஸ்ப்ரே. இங்க ரப்பர்ல தெறிச்சிருக்கு. ஓரத்துல மஞ்சக் கோடு போட்டிருப்பாங்க, அது இல்ல. திருகு மேலயும் அடிச்சிருக்காங்க.”

ராட்னியின் கழுத்து சிவந்தது. “சார், இது கம்பெனில அடிச்சதவிட நல்ல பெயின்ட். கல்லெறிஞ்சாக்கூடத் தெறிக்காது.”

“நல்ல பெயின்ட்தான் தம்பி. நாங்க நல்லதப் பாக்கல. அன்னிக்கு இருந்தது இருக்கான்னு பாக்குறோம்.” நடுவர் டார்ச்சை அணைத்தான். பின்னால் நகர்ந்து வண்டியை முழுதாகப் பார்த்தான். “இருங்க. எனக்கு இந்த வண்டியத் தெரியுமே. இது மரத்தடியில நிக்கிற வண்டியில்ல? எந்த முட்டாள் இத…”

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். நாற்காலியில், கைத்தடியோடு. வாயை மூடிக்கொண்டான். மூன்று பேரும் பேனாவை மூடிக்கொண்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்கள்.

ராட்னி கிளைட்டின் பக்கம் திரும்பினான்.

“மரத்தடின்னா என்ன?”

கிளைட் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று காட்டவும் இல்லை. 

“அது தொடாத வண்டிங்களோட வரிசைப்பா” என்றான் கிளைட். “பழைய பெயின்ட்டே இருக்கணும். அதான் அதோட பெருமை. ஒன் மாமனாரு அம்பது வருஷமா ஈரத்துணி வச்சுக்கூட அதத் தொடச்சதில்ல.”

ராட்னி புதுத் தொப்பியைக் கழற்றி சீட்டின் மேல் வைத்தான். வைத்துவிட்டு நடந்தான். கூட்டத்துக்குள் புகுந்து, சர்ச்காரர்கள் ஆப்பிள் பை என்கிற பலகாரம் விற்கிற மேசையைத் தாண்டி, மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனான்.

“போடா” என்றான் கிளைட். “எந்திரிச்சுப் போ.”

அந்தத் திடலை நான் அவ்வளவு நீளமாக என்றைக்கும் பார்த்ததில்லை. புல்லில் கைத்தடி புதைந்தது. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். மாட்டுக்கொட்டகை காலியாகக் கிடந்தது. ராட்னி கவிழ்த்துப் போட்ட தொட்டியின் மேல் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு” என்றான். “என்னத் தவிர.”

“ஆமா.”

“காலையிலேர்ந்து ஒவ்வொருத்தனும் துக்கம் விசாரிச்சிட்டுப் போயிருக்கான். நான் எழவு வீட்ல நின்னுக்கிட்டு அவனுங்க கையக் குலுக்கிப் பல்லிளிச்சிருக்கேன்.”

“அவங்க ஒன்னும் நெனைக்க மாட்டாங்க மாப்பிள்ளை.”

“ஏன் சொல்லல? அன்னிக்குக் கதவத் தொறந்தப்பவே ஏன் சொல்லல?”

“சொல்லி என்ன ஆகப்போவுது? சுரண்டினது திரும்பி வந்து ஒட்டிக்குமா? விடுங்க. வாங்க, ஜனெல் தேடும். எதாச்சும் சாப்பிடலாம்.”

அவன் எழுந்துவிட்டான்.

“இதான்! இதத்தான் சொல்றேன்! நீங்க யாரத்தான் விட்டு வச்சீங்க? சர்ச்சுல எந்திரிச்சு நின்னு, பிரசங்கம் போதும்னு பாதிரியார்கிட்டச் சொன்னவரு நீங்க. கிறிஸ்துமஸுக்குச் செஞ்ச வான்கோழி செருப்பாட்டம் இருக்குன்னு பெத்த பொண்ணு மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. ஆஸ்பத்திரில அந்த நர்சு அழுதுக்கிட்டுப் போச்சு. கிளைட்ட திட்டாத நாளே கெடையாது. ஆனா என்னய மட்டும் ஒரு வார்த்த சொன்னதில்ல. ‘வாங்க மாப்பிள்ளை. சாப்பிடுங்க மாப்பிள்ளை. நல்லா இருக்கு மாப்பிள்ளை.’ இன்ஷூரன்ஸ் விக்க வந்தவன்கிட்டப் பேசற மாதிரி! நான் ஒங்க வண்டியவே நாசம் பண்ணிட்டேன், அப்பக்கூட ஒங்களுக்கு என்னத் திட்டத் தோணல!”

கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலுக்குப் பின்னால் மூன்று வாரமாக அடைத்து வைத்தது முழுக்க வந்தது.

“அறிவிருக்காடா ஒனக்கு?” என்றேன். கொட்டகைக் கூரையில் இருந்த புறாக்கள் கிளம்பிவிட்டன. “அடுத்தவன் வீட்டுப் பூட்டத் தொறந்து, கேக்காம கொள்ளாம, உப்புத்தாள எடுத்துக்கிட்டு உள்ள போறதுக்கு நீ யாருடா? ஒரு போன் போட்டுக் கேக்க வாய் இல்ல? அந்தக் கதவுல என்ன இருந்துச்சு தெரியுமா? அத மொதல்ல வாங்கினவன் ஒரு மாட்டு டாக்டர். முப்பது வருஷம் அந்தக் கதவுலதான் தீக்குச்சி ஒரசினான். சுருட்டுக்கு. ஒரே எடத்துல. கோடு கோடா, கோழி கிளறினாப்ல. அவன் நாயி வண்டிப் படி மேல ஏறி ஏறி நகத்தால பள்ளம் பறிச்சிருந்துச்சு. அத்தனையும் வழிச்சு எடுத்துத் தரையில கொட்டி, பெருக்கித் தள்ளிட்டியேடா பாவி! நாலு கோட்டாம் நாலு கோட்டு! நசுங்கின டாக்ஸின்னு நெனச்சியா அத?”

இன்னும் என்னென்னவோ சொன்னேன். சர்ச்காரர்கள் மேசையிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். 

ராட்னி பின்வாங்கவில்லை. அவன் முகமும் என் முகமும் ஒரு முழம்கூட விலகி இல்லை.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்று அவனும் கத்தினான். “சொல்லுங்க! ஒரு நாள் என்ன உள்ள விட்டிருக்கீங்களா? பெயின்ட் அடிக்கிறவன் ஒருத்தன் வீட்டுக்குள்ளயே இருக்கான், வாடா, வந்து இந்தப் பழைய பெயின்ட்டப் பாருன்னு ஒரு நாள் கூப்ட்டீங்களா? கல்யாணமான புதுசுல ரெண்டு கப் காபிய எடுத்துக்கிட்டு வந்து கதவத் தட்டினேன். ஒரு கப்ப வாங்கிக்கிட்டுக் கதவச் சாத்தினீங்க. இன்னொரு கப்போட நான் வெளிய நின்னேன். மிச்சிகன்லேர்ந்து எவன் எவனோ வந்தான், அவனெல்லாம் உள்ள போனான். தீக்குச்சி கோடு இருந்துச்சுன்னு எனக்கு யாரு சொன்னா? எனக்கு அது கீறலு. கீறல எடுக்கத்தான் எனக்குத் தெரியும்!”

திருடுபோய்விடும், தொட்டுவிடுவார்கள், எடுத்துவிடுவார்கள் என்று வீட்டில் யாரையும் அண்டவிடாமல் வைத்திருந்தேன். திருடுகிறவர்கள் யாரும் வரவில்லை.

நான் அந்தத் தொட்டியின் மேல் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியுமா என்று யோசிக்காமலே உட்கார்ந்துவிட்டேன். அவனும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் இரைத்தது.

“அந்தக் காபி” என்றேன். “கழுநீர் மாதிரி இருந்துச்சு.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல.”

“சொல்லியிருக்கணும்.”

அவன் ஒரு வைக்கோலை எடுத்து ஒடித்தான். “அந்தக் கோடெல்லாம் கதவுல எந்த எடத்துல இருந்துச்சு?”

“இப்ப தெரிஞ்சு என்ன பண்ணப் போற?”

“ஒன்னும் பண்ணல. தெரிஞ்சுக்கணும்.”

அக்குளில் கையைக் கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினான். திரும்பி நடந்தோம். கூட்டம் பாதி கலைந்திருந்தது. கிளைட் தன் வண்டியைத் துடைப்பது போல எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டான். எங்கள் கண்ணாடியில் நடுவர்கள் சீட்டு ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். நான் எடுத்துப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.

கதவின் முன்னால் போய் நின்றேன். பச்சையில் என் முகம்தான் தெரிந்தது. விரலை வைத்தேன்.

“இங்கேருந்து இது வரைக்கும். கையத் தொங்கவிட்டா எட்டுற உயரம். ஒக்காந்தபடியே ஒரசியிருக்கான். மேல லேசா இருக்கும், கீழ வர வர ஆழம். நடுவுல ஒரு எடத்துல தகடே தெரியும்.”

“ஆமா, அது ஞாபகம் இருக்கு” என்றான் ராட்னி. “அங்க பட்டி நெறையக் குடிச்சுது.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். “நான் வேணா சுருட்டு ஆரம்பிக்கட்டுமா மாமா?”

“ஆரம்பி. முப்பது வருஷம் ஆகும். ஜனெல் அதுக்குள்ள ஒன்னத் தொரத்திடுவா.”

கிளைட்டின் முதுகு குலுங்கியது. ராட்னி சிரிக்கவில்லை. குனிந்து மட்கார்டைக் காட்டினான். “இங்க?”

“இங்க பிரஷ் போன தடம். மேலேருந்து கீழ ஒரே இழுப்பு. ஓரத்துல மட்டும் வளைச்சிருந்தான். பிரஷ் முடி ஒன்னு பெயின்ட்லயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பன்னி முடி. அத ஒருத்தன் படம் புடிச்சிட்டுப் போனான்.”

“எனக்குக் காட்டியிருந்தா நானும் புடிச்சிருப்பேன்.”

“ம்.”

“இந்தப் படி?”

“இங்கதான் நாயி.”

ஜனெல் ஆப்பிள் பையும் இரண்டு முள்கரண்டியும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பலகாரத் தட்டை பானெட் மேல் வைத்தாள்.

“அது மேல வைக்காத!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவள் எடுத்துக்கொண்டாள்.

இடுப்பு விண்விண் என்று தெறித்தது. நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. எனக்குச் சொன்னதையே சொல்லப் பிடிக்காது, நின்றுகொண்டு சொல்ல அதைவிடப் பிடிக்காது. அவன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, தலையைத் திருப்பி, அடுத்தது என்ன என்பது போல என்னைப் பார்த்தான். கைத்தடியை ஊன்றி ஓர் எட்டு நகர்ந்தேன். காரின் மறுபக்கம் முழுக்க இன்னும் சொல்ல இருந்தது.